13 ஆட்டம், 13 வெற்றி, பட்டம் மட்டும் வேறொருவருக்கு

2018 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானத்தில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி ஆபர்ன் அணியை 34-27 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அதற்கு 13-வது ஆட்டம், 13-வது வெற்றி. சரியாக ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் அலபாமாவும் ஜார்ஜியாவும் தேசியப் பட்டத்துக்காக மோதின. கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் அலபாமா 26-23 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதி ஆட்டத்துக்கு வரும்போது இரண்டு அணிகள் கணக்கிலும் தலா ஒரு தோல்வி இருந்தது. இரண்டையும் தோற்கடித்தது யார் என்று பார்த்தால், அதே ஆபர்ன்.

சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் விளையாட்டு இயக்குநர் டேனி ஒயிட் சும்மா இருக்கவில்லை. நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று அவரே அறிவித்துவிட்டார். பட்டம் வென்றால் பயிற்சியாளர்களுக்குத் தர வேண்டிய ஊக்கத்தொகையையும் தருவதாகச் சொன்னார். டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் நடந்தது. ஃப்ளோரிடா ஆளுநர் ரிக் ஸ்காட் தன் பங்குக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார். பெரிய அணிகளின் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனக்குத் தானே மகுடம் சூட்டிக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் "நாங்கள் யாரிடம் தோற்றோம், சொல்லுங்கள்" என்று அவர்கள் கேட்டபோது சிரித்தவர்களிடம் பதில் இல்லை. இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதே அணி 2015-இல் 12 ஆட்டம் ஆடி 12-லும் தோற்றது. இரண்டே ஆண்டில் ஒன்றிலும் தோற்காத அணியாக மாறியிருந்தது.

இந்தச் சண்டை புரிய வேண்டுமானால் ஆட்டத்தின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கே பேசுவது உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றி அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் அமெரிக்கக் கால்பந்து. அமெரிக்காவில் கல்லூரிகளின் உச்சப் பிரிவில் ஏறக்குறைய 130 அணிகள் இருக்கின்றன. உடம்பை உடைக்கும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் ஆட முடியும். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பது 12 ஆட்டம். அதில் எட்டோ ஒன்பதோ கான்ஃபரன்ஸ் என்று சொல்லப்படும் தன் அணிக் கூட்டமைப்புக்குள்ளேயே போய்விடும். மிச்சம் மூன்று அல்லது நான்கு. அதாவது, 130 அணிகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று பார்க்காமலேயே பருவம் முடிந்துவிடும். புள்ளிப்பட்டியல் போட்டு யார் முதல் என்று சொல்ல வழியே இல்லை.

இதைவிட விசித்திரம், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு இந்த உச்சப் பிரிவுக் கால்பந்துக்கு மட்டும் சாம்பியன் போட்டி எதுவும் நடத்துவதில்லை. ஆண்கள் கூடைப்பந்தில் 68 அணிகளைக் கூப்பிட்டு ஆடவிடுகிறார்கள். இதில் அப்படி இல்லை. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நிருபர்களின் வாக்கை வைத்துத் தரவரிசை போட்டது. பிறகு பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் சேர்ந்தது. பருவ முடிவில் 'பவுல்' என்று சொல்லப்படும் காட்சி ஆட்டங்கள் நடக்கும். அப்புறம் வாக்கெடுப்பில் முதலில் வந்தவர் சாம்பியன். சில ஆண்டுகளில் இரண்டு பேர் சாம்பியன்.

வாக்கு என்று வந்துவிட்டால் பெயரும் பழைய பெருமையும் வேலை செய்யும். அதையும் மீறி ஒரு முறை ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் அணி உச்சிக்கு வந்தது: 1984-இல் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங். 13 ஆட்டம், 13 வெற்றி. கடைசி வெற்றி சான் டியேகோவின் ஹாலிடே பவுலில், மிச்சிகனுக்கு எதிராக 24-17. அந்த மிச்சிகன் ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு வந்த சாதாரண அணி. வேறு எந்தப் பெரிய அணியும் தோற்காமல் இல்லை என்பதால் வாக்காளர்கள் வேறு வழியின்றி பிரிகாம் யங்குக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. 1998-இல் பிசிஎஸ் என்ற முறை வந்தது. வாக்கையும் கணினித் தரவரிசையையும் கலந்து முதல் இரண்டு அணிகளைக் கண்டுபிடித்து மோதவிடுவது அதன் வேலை. பிரிகாம் யங் போல ஓர் அணி சாம்பியனாவது அதன் பிறகு நடக்கவே இல்லை.

நடக்கவில்லை என்பதற்காக நல்ல அணிகள் வரவில்லை என்று அர்த்தமில்லை. 2004-இல் அர்பன் மேயர் பயிற்சியில் யூட்டா ஒன்றிலும் தோற்கவில்லை. 2006-இல் ஐடஹோவிலிருந்து பாய்சி ஸ்டேட் வந்தது. 2007 புத்தாண்டு தினத்தில் ஃபியஸ்டா பவுலில் ஓக்லஹோமாவை அவர்கள் 43-42 என்று வீழ்த்திய விதத்தைக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்திருக்கலாம். அவர்கள் இரண்டு புள்ளிக்குத் துணிந்தார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வலது கையால் எறிவதுபோல் பாவனை காட்டி, முதுகுக்குப் பின்னால் இடது கையில் பந்தை நீட்ட, இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு யாரும் இல்லாத மூலையில் ஓடிச் சேர்த்தார். 13-0, அதாவது 13 வெற்றி, தோல்வி இல்லை. இறுதித் தரவரிசையில் ஐந்தாவது இடம். பட்டம், ஒரு தோல்வியோடு முடித்த ஃப்ளோரிடாவுக்கு.

2008-இல் மறுபடியும் யூட்டா. சுகர் பவுலில் அலபாமாவை 31-17 என்று தோற்கடித்து 13-0 என முடித்தது. இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அந்த மாநிலத்தின் செனட்டர் ஓரின் ஹேட்ச் இதை செனட் விசாரணை வரைக்கும் கொண்டு போனார். 2010-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் அணி தோற்காமல் வந்துகொண்டிருந்தபோது, ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கோர்டன் கீ, பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள் 'ஏழைகளின் சின்னச் சகோதரிகள்' என்ற கன்னியாஸ்திரீகள் சபையோடு மோதுவதில்லை என்று கிண்டலாகச் சொன்னார். டெக்சஸ் கிறிஸ்டியன் ரோஸ் பவுலில் விஸ்கான்சினை 21-19 என்று வென்றது. ஒஹையோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரத்தில், அதே கன்னியாஸ்திரீகள் பெயரில் டெக்சஸ் கிறிஸ்டியனுக்கு வாழ்த்துச் சொல்லும் விளம்பரப் பலகைகள் முளைத்தன. கீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கீ கிண்டலாகச் சொன்னதில் ஒரு வாதமும் இருந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. நீங்கள் 12-0 என்று வந்திருக்கலாம், யாரோடு ஆடினீர்கள்? வாராவாரம் எஸ்இசி, பிக் டென் போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில் 130 கிலோ தாண்டிய, நாளைக்குத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப்போகும் வீரர்களோடு மோதி ஓர் அணி நவம்பருக்கு வரும்போது பாதிப் பேர் கட்டுப் போட்டிருப்பார்கள். அப்படி 11-1 என்று வந்தவனையும், சுலபமான அட்டவணையில் 12-0 என்று வந்தவனையும் ஒரே தட்டில் வைக்கலாமா? ஒரு நாள் ஒரு பெரிய அணியை வீழ்த்துவது வேறு. பருவம் முழுக்க அந்த மட்டத்தில் நிற்பது வேறு. 2007-இல் ஹவாய் 12-0 என்று வந்து சுகர் பவுலில் ஜார்ஜியாவிடம் 41-10 என்று அடிவாங்கியது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

ஆபர்னை வென்றதால் அலபாமாவைவிட நாங்கள் பெரியவர்கள் என்று சென்ட்ரல் ஃப்ளோரிடா ரசிகர்கள் சொன்னதும் செல்லாது என்றே நினைக்கிறேன். இவனை அவன் வென்றான், அவனை நான் வென்றேன் என்று சங்கிலி கோத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் தெரியுமா? அதே 2017-இல் ஆபர்னை எல்எஸ்யு வென்றது. எல்எஸ்யுவை அதன் சொந்த மண்ணில் டிராய் என்ற சின்னக் கல்லூரி 24-21 என்று வென்றது. டிராயை சவுத் அலபாமா வென்றது. சவுத் அலபாமா அந்த ஆண்டு மொத்தமே நான்கு ஆட்டம்தான் ஜெயித்தது. சங்கிலிக் கணக்குப்படி அவர்கள்தான் தேசிய சாம்பியன்.

ஆனால் அட்டவணை வாதத்தின் அடியில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதைத்தான் பெரிய அணிகளின் ஆட்கள் பேச விரும்புவதில்லை. சின்ன அணிக்கு வலுவான எதிரி கிடைக்காதது அதன் விருப்பத்தால் மட்டும் நடப்பதில்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் மூன்று நான்கு ஆட்டங்களுக்குப் பல ஆண்டு முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். பெரிய அணிகள் தங்கள் சொந்த மைதானத்தில் ஆடத்தான் விரும்பும். ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வரும் மைதானத்தைக் காலியாகப் போட யாருக்கு மனசு வரும்? அதனால் பலவீனமான அணிக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வரவழைத்து, அடித்து அனுப்புவார்கள். பதிலுக்கு அவர்கள் ஊருக்குப் போவதில்லை. ஜெயிக்கக்கூடிய சின்ன அணி என்றால் பணம் கொடுத்துக்கூடக் கூப்பிட மாட்டார்கள். தோற்றால் பெருத்த நஷ்டம், ஜெயித்தால் சின்ன அணியைத்தானே வென்றாய் என்பார்கள். எந்தப் பயிற்சியாளர் இதற்கு ஒப்புக்கொள்வார்? ஆக, உன்னோடு நாங்கள் ஆட மாட்டோம், எங்களோடு நீ ஆடாததால் உனக்கு வாய்ப்பில்லை என்று வந்து முடிகிறது.

இதில் சின்ன அணிகளின் வீம்பும் உண்டு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் தன் ஊரில் இரண்டு ஆட்டம், சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் ஊரில் ஒன்று என்ற கணக்கில் மோதலாம் என்றபோது டேனி ஒயிட் மறுத்தார். ஊருக்கு ஒன்று என்றால்தான் வருவோம் என்றார். தன்மானம் சரிதான். ஆனால் அட்டவணை வலுவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லும்போது, வந்த வலுவான எதிரியைத் திருப்பி அனுப்புவது வாதத்துக்கு உதவவில்லை. அவர்களே பிற்பாடு அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் ஃப்ளோரிடாவோடு கையெழுத்துப் போட்டார்கள்.

2014 பருவத்தில் பிசிஎஸ் போய், நான்கு அணிகள் அரையிறுதி, இறுதி என்று மோதும் பிளே ஆஃப் வந்தது. கணினியைத் தூக்கிவிட்டு, 13 பேர் கொண்ட தேர்வுக் குழு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். 2017-இல் இந்தக் குழு தோற்காத சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்த இடம் 12. நான்காவது இடத்துக்கு அருகில்கூட வரவில்லை. நான்காவதாக நுழைந்தது அலபாமா. தன் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்துக்கே அது தகுதி பெற்றிருக்கவில்லை. அலபாமா கடைசியில் கோப்பை வென்றதால் குழுவின் தேர்வு சரி என்று சொல்லிவிட்டார்கள். அலபாமா நல்ல அணி என்பதற்கு அது சான்றுதான். உள்ளே விடப்படாத அணி என்ன செய்திருக்கும் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?

அடுத்த ஆண்டும் சென்ட்ரல் ஃப்ளோரிடா 12-0. குழு கொடுத்தது எட்டாம் இடம். குவார்ட்டர்பேக் மெக்கென்சி மில்டன் காலில் கொடூரமாக அடிபட்டு வெளியேறிய பிறகு ஃபியஸ்டா பவுலில் எல்எஸ்யுவிடம் 40-32 என்று தோற்று, 25 ஆட்ட வெற்றி வரிசை முடிந்தது.

நான்கு அணி பிளே ஆஃப் இருந்தவரை சின்ன அணிக்குக் கதவு ஒரே ஒரு முறை திறந்தது. 2021-இல் லூக் ஃபிக்கெல் பயிற்சியளித்த சின்சினாட்டி 13-0 என்று வந்து நான்காம் இடம் பிடித்தது. அது எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு ஜார்ஜியாவோடு 24-21 வரை போராடித் தோற்றதால் பருவம் தொடங்கும்போதே தரவரிசையில் மேலே இருந்தார்கள். அக்டோபரில் நோட்ர டேமை அதன் ஊருக்கே போய் 24-13 என்று வென்றார்கள். அந்த நோட்ர டேம் வேறு எங்கும் தோற்காமல் 11-1 என்று முடித்து ஐந்தாம் இடத்தில் நின்றது. அதைச் சின்சினாட்டிக்கு மேலே வைக்கக் குழுவுக்கும் துணிவு வரவில்லை. போதாக்குறைக்கு ஓக்லஹோமா ஸ்டேட் பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் கோட்டுக்குச் சில அங்குலம் முன்னால் மடக்கப்பட்டு பேலரிடம் தோற்றது. இத்தனையும் கூடிவந்தால்தான் தோற்காத ஒரு சின்ன அணிக்கு நான்காம் இடம். பெரிய அணி ஒன்று 13-0 என்று வந்தால் யாரும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

அரையிறுதியில் அலபாமா சின்சினாட்டியை 27-6 என்று வென்றது. பிரையன் ராபின்சன் 204 யார்டு ஓடினார். உடனே வந்த தீர்ப்பு, "பார்த்தீர்களா, இவர்களுக்கு இடம் கொடுத்திருக்கவே கூடாது." அதே நாள் இரவு அடுத்த அரையிறுதியில் பிக் டென் சாம்பியன் மிச்சிகன் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றது. மிச்சிகனுக்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. பழைய அரையிறுதிகளையும் புரட்டிப் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேட் அலபாமாவிடம் 38-0. ஒஹையோ ஸ்டேட் கிளெம்சனிடம் 31-0. நோட்ர டேம் கிளெம்சனிடம் 30-3. ஓக்லஹோமா எல்எஸ்யுவிடம் 63-28. நான்கு அணி பிளே ஆஃபில் அரையிறுதி ஒருதலையாக முடிவது வழக்கமான சங்கதி. பெரிய அணி உதை வாங்கினால் அது அந்த நாளின் மோசம். சின்ன அணி உதை வாங்கினால் அது அந்த இனத்தின் மோசம். இந்த ஓரவஞ்சனைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் கட்சி இதுதான். தோற்காத சின்ன அணி நாட்டிலேயே சிறந்த அணியா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பேன். 2017 சென்ட்ரல் ஃப்ளோரிடா அலபாமாவோடு பத்து முறை ஆடினால் எத்தனை ஜெயித்திருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் என் பணம் அலபாமா மேல்தான். ஆனால் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு ஊகத்துக்குக் கொடுக்கும் பரிசாக இருக்கக் கூடாது. தன் முன்னால் வைக்கப்பட்ட ஒவ்வொரு ஆட்டத்தையும் வென்ற அணியிடம் வேறென்ன கேட்க முடியும்? யார் சிறந்தவர் என்று குழு கூடிப் பேசித்தான் தீர்மானிக்கும் என்றால் ஆட்டம் எதற்கு? 2023-இல் இது பெரிய வீட்டையே தாக்கியது. ஏசிசி என்ற பெரிய கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0. ஆனால் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் அடி. அவர் இல்லாமல் இந்த அணி பழைய அணி இல்லை என்று சொல்லி ஒரு தோல்வி கண்ட அலபாமாவைக் குழு உள்ளே எடுத்தது. பெரிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்று தோற்காமல் சாம்பியனாகியும் வெளியே நின்றது அந்தப் பிளே ஆஃபில் அதுதான் முதல் முறை. அதுவரை சென்ட்ரல் ஃப்ளோரிடாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் அன்று அதே வாதத்தை எடுத்துப் பேசினார்கள்.

நம் ஊர் ரஞ்சிக் கோப்பையில் 2010-11 பருவத்தை நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தான் கீழ்ப்பிரிவான பிளேட் குழுவில் ஆடியது. அந்தக் குழுவிலிருந்து மேலே வருபவர்களுக்கும் காலிறுதியில் இடம் உண்டு என்று விதி இருந்தது. ராஜஸ்தான் மும்பையைத் தாண்டி, அரையிறுதியில் தமிழ்நாட்டைத் தாண்டி, பரோடாவுடன் இறுதி ஆட்டம் ஆடிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. பருவத் தொடக்கத்தில் ஒரு குழு உட்கார்ந்து சிறந்த அணிகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் ராஜஸ்தான் பெயர் அதில் வந்திருக்காது.

சின்ன அணிகளில் கெட்டிக்காரர்களுக்கு வேறொரு வழி கிடைத்தது: வீட்டை மாற்றிக்கொள்வது. யூட்டா 2011-இல் பேக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போனது. டெக்சஸ் கிறிஸ்டியன் 2012-இல் பிக் 12-இல் சேர்ந்தது. சின்சினாட்டியும் சென்ட்ரல் ஃப்ளோரிடாவும் 2023-இல் பிக் 12-க்குள் போய்விட்டன. டெக்சஸ் கிறிஸ்டியன் 2022-இல் தன் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றும் பிளே ஆஃபுக்குப் போனது. மிச்சிகனை வீழ்த்திப் பட்ட ஆட்டம் வரை வந்தது. 2010-இல் ஒன்றிலும் தோற்காமல் கிடைக்காத வாய்ப்பு 2022-இல் ஒன்றில் தோற்றும் கிடைத்தது. நடுவில் மாறியதில் முக்கியமானது விலாசம்.

இதைவிட அப்பட்டமான உதாரணம் கர்ட் சிக்னெட்டி. 2023-இல் அவர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் அணிக்குப் பயிற்சியாளர். அணி 10-0 என்று தொடங்கியது. கீழ்ப்பிரிவிலிருந்து புதிதாக மேலே வந்ததால் இடைமாற்றக் காலம் முடியவில்லை என்று என்சிஏஏ பவுல் ஆட்டத்துக்கே விலக்குத் தர மறுத்தது. பிறகு இடம் நிரப்ப ஆள் போதாமல்தான் ஒரு பவுல் கிடைத்தது. பருவம் முடிந்ததும் சிக்னெட்டி பிக் டென்னில் இருக்கும் இண்டியானாவுக்குப் போனார். கால்பந்தில் தோற்றுத் தோற்றே பெயர் வாங்கிய பல்கலைக்கழகம் அது. ஜேம்ஸ் மேடிசன் வீரர்கள் பலரும் கூடவே போனார்கள். 2025 பருவத்தில் இண்டியானா 16-0 என்று தேசிய சாம்பியன். அவர்களும் யாரும் எதிர்பார்க்காத அணிதான். ஆனால் தோற்காமல் இருந்தால் பிளே ஆஃபில் இடம் கிடைக்குமா என்று அவர்கள் ஒரு நாளும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

2024 பருவத்திலிருந்து பிளே ஆஃபில் 12 அணிகள். 2024, 2025 பருவங்களில் தரவரிசையில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்று இருந்ததால் சின்ன கான்ஃபரன்ஸ்களில் ஒன்றாவது உள்ளே வந்தது. 2024-இல் பாய்சி ஸ்டேட் வந்து பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. 2025-இல் ஏசிசி சாம்பியனாக டியூக் ஐந்து தோல்வியோடு வந்துநின்றதால் இரண்டு இடம் கிடைத்தது: டியுலேன், ஜேம்ஸ் மேடிசன். டியுலேன் ஓல் மிஸ்ஸிடம் 41-10 என்றும், ஜேம்ஸ் மேடிசன் ஆரெகனிடம் 51-34 என்றும் தோற்றன. 10-2 என்று முடித்த நோட்ர டேம் வெளியே நிற்க, இவர்களுக்கு எதற்கு இடம் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. அடுத்த சுற்றில் அலபாமா 38-3 என்றும் டெக்சஸ் டெக் 23-0 என்றும் தோற்றதை அந்தப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 அணி முறையில் இதுவரை உள்ளே வந்த சின்ன கான்ஃபரன்ஸ் அணிகளில் ஒன்றுகூட தோற்காமல் வரவில்லை. பாய்சி ஸ்டேட்டுக்கும் ஜேம்ஸ் மேடிசனுக்கும் தலா ஒரு தோல்வி, டியுலேனுக்கு இரண்டு. 2017-இன் சென்ட்ரல் ஃப்ளோரிடா மாதிரி ஓர் அணி, 13-0 என்ற கணக்கோடு, இந்தப் பிளே ஆஃபுக்குள் இன்னும் நுழையவில்லை.